உதவி: பதிவு செய்த டிவிடி என் கணினியில் திறக்கிறது, பள்ளிக் கணினியில் திறக்கவில்லை

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):

வணக்கம். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் பழைய ஆண்டு விழா ஒலிநாடாக்களையும், தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்தில் குடும்பங்கள் எடுத்த படங்களையும் மின்வடிவமாக்கி, பள்ளி நூலகத்துக்கும் அக்குடும்பங்களுக்கும் கொடுப்பதற்காக டிவிடி-ஆர் வட்டுகளில் பதிந்து வருகிறேன். நாடாக்கள் பல பூஞ்சை பிடித்துவிட்டன. மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பதிவெடுக்க அவை தாங்கமாட்டா. ஆகையால் இந்த வட்டுகள் சரியாக அமைய வேண்டும் என்பதில் மிகுந்த கவலையோடு இருக்கிறேன்.

விண்டோஸ் 10 மடிக்கணினியில், யூஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் இணைப்பி) வழியாக இணைத்த மெல்லிய வெளிப்புற டிரைவைப் பயன்படுத்துகிறேன். கோப்புகளை இழுத்து வட்டின் சாளரத்தில் விட்டு, வட்டு நிறையும்வரை பதிகிறேன். என் கணினியில் எல்லாம் திறக்கின்றன. பள்ளிக் கணினியோ சில வட்டுகளை வெற்று வட்டு என்கிறது. வேறு மென்பொருளில் 8 மடங்கு வேகத்தில் பதிந்த சில வட்டுகள் திறந்தாலும், கடைசிக் கோப்புகளை நகலெடுக்கும்போது நின்றுவிடுகின்றன. நீளமான தமிழ்ப் பெயர்களும் பாதியில் வெட்டுப்படுகின்றன. காரணம் ஒன்றா, பலவா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பிறை, பினாங்கு):

வணக்கம் ஐயா. உங்களுக்கு நேர்ந்திருப்பவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள் என்று கருதுகிறேன். முதலாவதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வெற்று வட்டை உள்ளிட்டதும், அதை யூஎஸ்பி சேமிப்பான் போலப் பயன்படுத்துவதா, டிவிடி இயக்கியில் படிக்கும் வகையில் பதிவதா என்று விண்டோஸ் கேட்கும். முதல் வழியைத் தேர்ந்தால் கோப்புகள் சிறுசிறு பகுதிகளாக எழுதப்படும். அமர்வை மூடும்வரை, அதாவது அந்தப் பதிவுச் சுற்று முடிந்தது என்று வட்டில் குறிக்கும்வரை, வேறு கணினிகளுக்கு அந்த வட்டு பெரும்பாலும் புரியாது. நீங்கள் அந்த வட்டுகளை எறிந்துவிட வேண்டாம். பதிந்த அதே மடிக்கணினியில் வட்டை உள்ளிட்டு, டிரைவின் மீது வலச்சொடுக்கி, அமர்வை மூடும் தேர்வை அழுத்துங்கள். பெரும்பாலானவை பள்ளிக் கணினியில் திறந்துவிடும். இனிமேல் பதிபவற்றை இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் ஒரே மூச்சில் பதிந்து, இறுதியில் இனி எதுவும் சேர்க்க முடியாதபடி வட்டையே மூடிவிடுவது நல்லது.

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்):

கடைசிக் கோப்புகள் நின்றுவிடுவதைப் பற்றி எழுதுகிறேன். டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பில் முடிகிறது. லேசர் எழுதும் சாயப்பூச்சு மலிவான வட்டுகளில் சீர்கெடுவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். டிரைவ் தன் உச்ச வேகத்தை எட்டி, மின்சாரத்தை மிகுதியாக இழுப்பதும் அங்கேதான். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியரும், 3.0 துளை 900 மில்லியாம்பியரும் தருவதற்கே வரையறுக்கப்பட்டவை. தனக்கென மின்செருகி இல்லாத ஹப், அந்த ஒரு துளையின் மின்சாரத்தையே எல்லாச் சாதனங்களுக்கும் பங்கிடுகிறது. எனவே முதல் வேலையாக ஹப்பை விலக்கி, டிரைவை மடிக்கணினியில் நேராகச் செருகுங்கள். இரட்டைச் செருகி உள்ள கேபிளாக இருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

வட்டை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். உறையில் உள்ள 4.7 ஜிபி என்பது ஆயிரத்தின் மடங்கில் சொன்ன கணக்கு; விண்டோஸ் காட்டும் கணக்கில் அது ஏறத்தாழ 4.38 தான். 4 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு, 4 மடங்கு வேகத்தில் பதிந்து பாருங்கள். வேகத்தை மிகமிகக் குறைத்தால் பதிவு மேம்படும் என்று பலர் நம்புகிறார்கள். உயர்வேகத்துக்கென்று உருவான சாயத்துக்கு அது எப்போதும் பொருந்துவதில்லை.

மறுமொழி (பட்டர்வொர்த்):

கோப்புப் பெயர் வெட்டுப்படுவது, வட்டில் பெயர்களை எழுதும் ஜோலியட் என்ற முறையால். அதில் ஒரு பெயருக்கு 64 இடங்களே உண்டு. தமிழில் மெய்க்கும் உயிர்மெய்க்கும் பெரும்பாலும் இரண்டிரண்டு இடங்கள் செலவாகின்றன. 'தண்ணீர்மலை' என்ற ஆறெழுத்துச் சொல்லே 10 இடங்களை எடுத்துக்கொள்ளும். பாடகர் பெயர், விழா, ஆண்டு என்று முழுமையாகப் பெயரிட்டால் 64 எளிதில் கடந்துவிடும். பதியும் மென்பொருளில் கோப்பு முறையை (வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையை) யூடிஎஃப் என்று மாற்றுங்கள். அதில் தமிழுக்கு ஏறத்தாழ 127 இடங்கள் கிடைக்கும். 1.02 பதிப்பைத் தேர்ந்தால் பள்ளியில் உள்ள பழைய விண்டோஸும் படிக்கும்.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. அமர்வை மூடியதும் பள்ளிக் கணினியில் வட்டுகள் திறந்துவிட்டன. ஹப் இல்லாமல், யூடிஎஃப் முறையில், 4 மடங்கு வேகத்தில் பதிந்த வட்டில் கடைசிக் கோப்புவரை நகலெடுக்க முடிகிறது; பெயர்களும் முழுமையாக உள்ளன. பதிவுக்குப்பின் மென்பொருளே செய்யும் சரிபார்ப்பை மட்டும் நம்பி வட்டுகளைக் குடும்பங்களிடம் கொடுக்கலாமா?

மறுமொழி (செந்தூல்):

அது மட்டும் போதாது. எழுதிய டிரைவ், தான் எழுதியதைத் தடுமாறாமல் படித்துவிடலாம். வேறொரு டிரைவ் திணறலாம். கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்களை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் எண்களை) எடுத்து, அந்தப் பட்டியலையும் வட்டிலேயே பதியுங்கள். பிறகு பள்ளிக் கணினியில் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கொடுங்கள். வட்டின் மீது ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டாம். பினாங்கின் ஈரக்காற்றில் அது ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கி வட்டைக் கோணலாக்கக்கூடும். வட்டுக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் நடுவளையத்தில் எழுதி, வெயில் படாத இடத்தில் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மூலக் கோப்புகளின் ஒரு படியை வன்தட்டிலும் அழிக்காமல் வைத்திருங்கள். வட்டு மட்டுமே ஒரே இருப்பாக இருப்பதை நான் ஏற்கமாட்டேன்.