படகு இழுக்கவும் வேட்டைக்குப் போகவும் ஒரே பிக்கப்: 4,000 கிலோ இழுவைத் திறன் போதுமா?

கேள்வி

19 அடி ஃபைபர் படகு, 150 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்), இரட்டை ஆக்சில் டிரெய்லர். படகின் விளம்பரத் தாளில் எடை 950 கிலோ என்று போட்டிருக்கிறது. பார்த்து வைத்திருக்கும் பிக்கப் நான்கு கதவு, 5.5 அடி பெட்டி, 4x4, டர்போ பெட்ரோல். இழுவைத் திறன் 4,000 கிலோ. வேட்டைக்குப் போகும்போது நான்கு பேர், இரண்டு நாய்கள், பின்பெட்டிக்கு ஒரு மூடி. சில நாள் படகும் கூடவே வரும். இழுவையில் பாதிகூட வராதே, இதையே வாங்கிவிடலாமா?

பதில் 1

இழுவைத் திறனை ஓரமாக வையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கும். அந்தப் பேலோடு எண்ணைச் சொல்லுங்கள். அதே மாடல் வேறொரு வண்டியின் எண் ஆகாது; சன்ரூஃப், பெரிய சக்கரம், தோல் இருக்கை என்று ஒவ்வொன்றும் அதிலிருந்து கழியும்.

950 கிலோ வெறும் கூட்டின் எடையாகத்தான் இருக்கும். எஞ்சின் சுமார் 215, பெட்ரோல் 150 லிட்டருக்கு 111, பேட்டரி மூன்றுக்கு 75, நங்கூரம், கயிறு, தூண்டில் சாமான், மிதவைச் சட்டை எல்லாம் 120, டிரெய்லர் 420. கூட்டினால் 1,891. தோராயக் கணக்குதான், முழுத் தொட்டியோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கேட்டவர்

ஸ்டிக்கரில் 640 கிலோ. பின் ஆக்சில் விகிதம் 3.31.

பதில் 2

அப்படியானால் இடிக்கிறது. படகோடு சேர்ந்த டிரெய்லர் எடையில் பத்து சதவீதம் ஹிட்ச்சின் (வண்டியில் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் என்று வைத்துக்கொள்வோம், 190 கிலோ. இதுவும் பேலோடில்தான் சேரும். நான்கு பேர் 340, பெட்டி மூடி 90, நாய்களும் கூண்டும் 80, ஐஸ் பெட்டி 60, கருவிகள் 30, ஹிட்ச் தண்டும் பந்தும் 15. மொத்தம் 805. ஸ்டிக்கரை 165 கிலோ தாண்டிவிட்டது. திரும்பும்போது பெட்டியில் ஏறும் மானை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்த 190 கிலோ பின் ஆக்சிலில் 190 ஆக இறங்காது. பந்து ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், வீல்பேஸ் (இரு ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 3.6 மீட்டர் என்றால் பின் ஆக்சிலில் கூடுவது 253. முன் ஆக்சிலில் 63 குறையும். முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் பிடிப்பும் குறையும், முன் பிரேக்கின் பிடியும் குறையும். அதனால் பின் ஆக்சிலின் தனி வரம்பையும் அதே கதவுத் தூணில் பாருங்கள்.

4,000 என்ற எண் பொய்யில்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே2807 என்ற சோதனை முறையில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், சுமார் 18 கிலோமீட்டர், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுக்க வைத்து இழுத்துக் காட்ட வேண்டும். ஆனால் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரே ஒரு பயணியும், ஆளுக்கு 68 கிலோ. நாய், மூடி, ஐஸ் பெட்டி எதுவும் கிடையாது.

அதே மாடலில் கனமான பேலோடு பேக்கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். பின் ஸ்பிரிங், ஆக்சில், சக்கரம் மாறும். இழுவை பேக்கேஜ் வேறு. அதில் பெரும்பாலும் கூடுதல் கூலர், டிரெய்லருக்கு மின்சாரம் தரும் ஏழு முனை பிளக், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் வரும், பேலோடு கூடாது. இரண்டையும் ஒன்றென்று விற்பனையாளர்களே குழப்புவதுண்டு. பின் ஸ்பிரிங்கோடு ஏர்பேக் (காற்றடைத்த பை) போட்டால் பின்பக்கம் நிமிரும். வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

ஆக்சில் விகிதம் என்பது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது; எண் கூடினால் இழுவை கூடும். 3.31 சமதளத்துக்குப் போதும். மலைப்பாதை என்றால் 3.55 அல்லது 3.73 எடுங்கள். வேட்டைக்கென்று 31 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால் 3.55 கூட 3.33 போலத்தான் நடந்துகொள்ளும்.

பதில் 3

இவ்வளவு கணக்கு எதற்கு? முக்கால் டன் வகை (ஒரு படி பெரிய கனரக பிக்கப்) டீசல் எடுங்கள். பேலோடு, பிரேக், கூலிங் எல்லாம் தாராளம்.

பதில் 4

மாதத்தில் பாதி நாள் கனமாக இழுப்பவருக்கு அது சரி. இவர் இழுப்பது இரண்டு டன்னுக்குள்.

டீசல் எஞ்சினின் எடை முன் ஆக்சிலில் உட்காரும். ஈர வயலில் முதலில் புதைவது அந்த முன்சக்கரம்தான். புதைந்தால் இன்னொரு கனவண்டி வந்துதான் இழுக்க வேண்டும். அடுத்து, புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. குறைந்த தூரம், மெதுவான ஓட்டம் என்றால் அடைத்துக்கொள்ளும். பிறகு தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும். அந்த நேரம் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். முக்கால் டன் வேண்டுமென்றால் பெட்ரோலில் பாருங்கள், டீசலைவிடப் பேலோடும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

பெட்டி 6.5 அடியாக இருந்தால் நல்லது. வீல்பேஸ் நீள்வதால் டிரெய்லர் ஆட்டம் குறையும், கூண்டும் ஐஸ் பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பதிலுக்கு, குறுகிய காட்டுப்பாதையில் திருப்புவது சிரமம், மேட்டில் வயிறு தட்டும். மூடி போட்டு நாய்களை ஏற்றினால் பின்கதவை மட்டும் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும். பக்கச் சன்னல் உள்ள மூடியாக வாங்குங்கள். துப்பாக்கிகள் குண்டு நீக்கிய நிலையில் பூட்டோடு பின் இருக்கைக்கு அடியில் போகும். உறையின் நீளத்தை அளந்துகொண்டு போய் இருக்கையைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேட்டவர்

கனமான பேலோடு பேக்கேஜோடு, 6.5 அடி பெட்டி, 860 கிலோ ஸ்டிக்கர், 3.73 விகிதம், நான்கு வருடப் பழைய வண்டி ஒன்று கிடைக்கிறது. முன் உரிமையாளரும் படகு இழுத்தவர். எதைப் பார்க்க வேண்டும்? இன்னொன்று: வண்டியில் ஏழு முனை பிளக், என் டிரெய்லரில் தட்டையான ஐந்து முனை.

பதில் 1

860 என்றால் 805 போக 55 மிச்சம். மான் ஏறும் நாளில் ஐஸ் பெட்டியையோ ஓர் ஆளையோ குறைக்க வேண்டும். ஆனாலும் எடுக்கலாம்.

படகு இழுத்த வண்டியில் பின் டிஃபரன்ஷியல்தான் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) முதல் சந்தேகம். சூடான ஆக்சில் தண்ணீரில் முங்கினால் உள்காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரல் விடுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கும் சந்தேகம்தான். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைபடாமல் உயரத்தில் கட்டியிருக்க வேண்டும்.

உப்புத்தண்ணீரில் இறங்கிய வண்டியா என்று அடிச்சட்டத்தின் (சேஸி) கடைசி ஒரு மீட்டர் சொல்லிவிடும். லீஃப் ஸ்பிரிங் தாங்கிகள், பிரேக் குழாய், ஹிட்ச் போல்ட்டுகள் எல்லாவற்றையும் சுத்தியால் தட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் நகராதீர்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் கருகிய வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவான கியரில் ஓடும் நிலை) போட்டு மண்தரையில் ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் வேண்டாம், திருப்பும்போது இறுகும்.

பதில் 5

படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில் வழுக்குவது பின்சக்கரம் பாசியில் நிற்பதால். முன்சக்கரம் மேலே காய்ந்த இடத்தில் இருக்கும், அதனால் ஃபோர் லோவில் மெதுவாக ஏறினால் போதும். நிறுத்தும்போது நியூட்ரல், பிறகு பார்க்கிங் பிரேக், காலை எடுத்து வண்டி உட்கார்ந்த பிறகுதான் பார்க் கியர். இல்லாவிட்டால் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பல்லில் தொங்கும். நெடுஞ்சாலையில் வந்த சூட்டோடு டிரெய்லரை இறக்காதீர்கள், வீல் ஹப்பும் ஆக்சிலைப் போலவே தண்ணீரை உறிஞ்சும்.

பிளக்: ஐந்தாவது முனை இருப்பதால் உங்கள் டிரெய்லரில் இருப்பது தள்ளுவிசையில் வேலை செய்யும் சர்ஜ் பிரேக்காக இருக்க வேண்டும். ரிவர்ஸில் தள்ளும்போது அது தானாகப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் சோலினாய்டுக்கு (மின்சார வால்வு) ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் அந்த முனை வழியாகப் போகிறது. ஏழிலிருந்து ஐந்துக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள். நான்குக்கு மாற்றுவது வாங்கினால் விளக்குகள் எரியும், மேட்டில் பின்னால் தள்ளும்போது மட்டும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மாட்டியதும் இக்னிஷன் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் கியர் போட்டு, இன்னொருவரை டிரெய்லரின் முன்தண்டில் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சோலினாய்டை மாற்றுவதற்கு முன் வெள்ளை எர்த் ஒயர் சட்டத்தோடு சேருமிடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள்.