ஸ்லைடு கோணலாக நின்றுவிட்டது, பின்பக்கம் மட்டும் வரவில்லை. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்)

வணக்கம். போன வருடம் ஒரு பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வாங்கினோம். 2015 மாடல், கிளாஸ் சி என்கிற நடுத்தர வகை, ஒரே ஒரு ஸ்லைடு, அதாவது நிறுத்திய பிறகு மோட்டாரால் பக்கவாட்டில் வெளியே தள்ளி இடத்தைப் பெரிதாக்கும் அறைப் பகுதி. சோஃபாவும் சாப்பாட்டு மேசையும் அதில்தான் இருக்கின்றன.

போன வாரம் டெக்சஸிலேயே பேலோ டூரோ கேன்யன் பூங்காவில் மூன்று ராத்திரி தங்கினோம். கிளம்பும் காலையில் தண்ணீர்க் குழாய், கரண்ட் பிளக் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கடைசியாக ஸ்லைடை உள்ளே இழுக்கப் பட்டனை அழுத்தினேன். முன்பக்கம் ஒரு சாண் வந்தது. பின்பக்கம் அசையவே இல்லை, கடகடவென்று சத்தம் மட்டும். விட்டு விட்டு நாலைந்து தடவை அழுத்தியதில் இன்னும் கோணலானதுதான் மிச்சம். பக்கத்து இடத்துக்காரரும் நானும் வெளியிலிருந்து பின்மூலையைத் தள்ள, மனைவி உள்ளே பட்டனை அழுத்த, எப்படியோ உள்ளே போய்ச் சேர்ந்தது. வீடு வரும்வரை பக்கக் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வண்டிக்கு அடியில் தண்டு எதுவும் தெரியவில்லை. ஸ்லைடின் இரு பக்கச் சுவரிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பல் வெட்டிய அலுமினியப் பட்டைகள் இருக்கின்றன. ஒரு பட்டறையில் போனிலேயே "இரண்டு மோட்டாரும் மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. மே மாதம் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, தாழ்ந்த சோஃபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சோஃபாவை எடுத்துவிட்டு மோட்டார் வைத்த சாய்வு நாற்காலி இரண்டு போடலாமா?

பதில் (டூசான், அரிசோனா)

தம்பி, மோட்டாரைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சந்தேகமே அங்கேதான்; அப்போது ஸ்லைடுக்கு வண்டி பேட்டரியின் கரண்ட் மட்டும்தான். நான் கோவையில் பம்ப்செட் மோட்டார் கட்டுகிற வீட்டில் வளர்ந்தவள். மோட்டார் போச்சு என்று வருபவர்களிடம் அப்பா முதலில் கேட்பது, "கரண்ட் சரியா வருதா?"

உங்களுடையது சுவருக்குள் மோட்டார் வைத்த வகை. எங்கள் வண்டியிலும் அதேதான், பதினொரு வருடமாக ஓடுகிறது. பக்கத்துக்கு ஒரு மோட்டார். இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது. கன்ட்ரோல் பெட்டிதான் ஒவ்வொன்றும் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, முந்துவதைப் பிடித்து நிறுத்தும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. வோல்ட் இறங்கினால் ஒன்று பின்தங்கும், எண்ணிக்கையும் குழம்பும். விட்டு விட்டு அழுத்தும்போது இன்னும் குழம்பும்.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள், கன்ட்ரோல் பெட்டிக்குக் கரண்ட் வரும் முனைகளில் வையுங்கள். பிளக்கும் எஞ்சினும் இல்லாமல், பட்டனை ஒருவர் அழுத்தும்போதே பாருங்கள். எனக்கு ஒருமுறை சும்மா இருக்கும்போது 12.6 காட்டியது, அழுத்தியதும் 10.9க்கு விழுந்தது. பேட்டரி புதுசு! அடியில் படுத்துத் தேடினால், சட்டத்தோடு எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டில் பச்சைக் களிம்பு. ஒயர் முனையின் வளையத்தை வெளியே எடுத்தபோது ஒரு பக்கம் முழுக்கப் பூத்திருந்தது, செம்பு தெரிந்ததே ஒரு ஓரத்தில்தான். கம்பி பிரஷ்ஷால் வளையத்தையும் சட்டத்தையும் பளபளவென்று தேய்த்து மறுபடி முடுக்கினேன். அப்புறம் அழுத்தினால் 12.1ல் நின்றது.

வோல்ட் சரியானதும் ஒத்திசைவுக்குக் கொண்டுவர வேண்டும். பிளக் போட்டுவிட்டு, ஸ்லைடை முழுசாக வெளியே தள்ளி, இரண்டு மோட்டாரும் தானாக நிற்கும்வரை விரலை எடுக்காதீர்கள். நின்ற பிறகும் சில விநாடி அழுத்தியே இருங்கள். கொஞ்சம் உள்ளே இழுத்து மறுபடி முழுசாக வெளியே. இரண்டு மூன்று முறை போதும். இனிமேல் பாதியில் நிறுத்தவே வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால் என் கன்ட்ரோல் பெட்டியில் ஒரு வழி உண்டு: அதிலுள்ள மோட் பட்டனை வேகமாக ஆறு தடவை தட்டி, ஏழாவது தடவை ஐந்து விநாடி போல அழுத்திப் பிடித்தால் விளக்குகள் மினுக்கும். பிறகு சுவர் பட்டனை அழுத்தினால் எண்ணிக்கை பார்க்காமல் நகரும். அப்போது இரண்டு முனையிலும் ஆள் நின்று பார்க்க வேண்டும், கோணினால் உடனே நிறுத்த. உங்கள் கையேட்டிலும் இதே முறைதானா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேலோ டூரோவின் செம்மண் பல்லிடுக்கில் ஏறியிருக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கிரீஸ் மட்டும் வேண்டாம், மண்ணோடு சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அலுமினியத்தைத் தின்றுவிடும். சத்தம் இருந்தால் காய்ந்துபோகும் சிலிகான் ஸ்பிரே லேசாக அடியுங்கள், போதும்.

நாற்காலி விஷயம். உங்கள் ஸ்லைடை இழுப்பதும் தள்ளுவதும் பட்டைகளில் ஓடும் சின்னப் பல்சக்கரங்கள்தான். எடுக்கும் சோஃபாவின் எடை என்ன, வைக்கப்போவது என்ன என்று பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே முனையில் போட்டால் அந்தப் பக்க மோட்டார்தான் அதிகம் இழுக்கும். ஸ்லைடு உள்ளே இருக்கும்போது எதிர் அலமாரிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்தீர்களா? நாற்காலியின் கால்பலகை அங்கே இடிக்கும். சோஃபாவில் சீட் பெல்ட் இருந்தால், அதை எடுத்ததும் ஓடும் வண்டியில் இரண்டு இடம் போய்விடும். அப்பாவுக்காக என்றால் மூன்று அங்குலக் கெட்டி ஃபோமை வெட்டி உறைக்குள் வையுங்கள். உட்காரும் உயரம் ஏறும், எடை ஏறாது. என் மாமியாருக்கு அதைத்தான் செய்தேன்.

பதில் (பிராம்ப்டன், ஒன்டாரியோ)

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன். ஸ்லைடு கோணலாக உள்ளே போயிருக்கிறது என்றால், அதைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் சீல் எங்காவது மடங்கியிருக்கலாம். ஸ்லைடை வெளியே விட்டு நாலு மூலையையும் வடிவாகப் பாருங்கோ. எனக்கு மேல் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது, கவனிக்கவில்லை. இங்கே கூரையில் பனி உருகி உறைந்து மறுபடி உருகும். ஒரு குளிர்காலத்தில் தரைப்பலகையின் ஓரம் ஊறி, ஸ்குரூடிரைவர் நுனியை வைத்தால் கேக்கில் போல இறங்கியது. பலகையை வெட்டி மாற்ற நாலு வார இறுதி போய்விட்டது. சீலை சோப்புத் தண்ணீரால் துடைத்து, ரப்பருக்கென்றே விற்கிற மருந்தைப் பூசுங்கோ. பெட்ரோலியம் கலந்தது ரப்பரை ஊத வைக்கும். உள்ளே இழுக்கும் முன் ஸ்லைடின் கூரையைப் பெருக்கவும் மறக்க வேண்டாம், ஒரு சுள்ளி போதும் சீலைக் கிழிக்க.

கேட்டவர்

அக்கா, அளந்தேன். சும்மா இருக்கும்போது 12.5, அழுத்தியதும் 10.4! எர்த் போல்ட் படிக்குப் பின்னால் இருந்தது, நீங்கள் சொன்ன அதே களிம்பு. தேய்த்து முடுக்கிய பிறகு 12.0. இரண்டாவது தடவை முழுசாக வெளியே தள்ளும்போதே முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் போய் நின்றன. டேப் வைத்து அளந்தேன், வித்தியாசமே இல்லை. அண்ணா, பின் கீழ்மூலையில் சீல் மடங்கித்தான் இருந்தது, கிழியவில்லை. பலகை கெட்டியாக இருக்கிறது. சோஃபாவில் இரண்டு சீட் பெல்ட் இருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. ஃபோமுக்குச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி.

பதில் (டூசான்)

சந்தோஷம் தம்பி. அந்த போல்ட்டை வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கிளம்பும் காலையில் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் ஸ்லைடு உள்ளே, அப்புறம்தான் பிளக்கைக் கழற்றுவது. ஃபோமில் அப்பா உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகு உறையைத் தையுங்கள். மூன்று அங்குலம் போதாமல் நாலு வேண்டியிருக்கலாம்.