மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் சாம்பலா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?

சுவர்க்கோழி:
நேற்று இன்னொரு இழையில் ஒளித்தடம் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்பது பள்ளிக்கூடத்துப் பொய். கணினியில் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள், சாம்பல்தான் வரும்" என்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. முப்பது வருடமாகச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறேன். கடைகளில் கலவை இயந்திரம் வருவதற்கு முன்னால், ஷேட் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளை எமல்ஷன் பெயிண்டில் ஸ்டெயினர் என்ற கெட்டிச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்தவன் நான். மஞ்சள் ஸ்டெயினரும் நீல ஸ்டெயினரும் சேர்ந்து ஒரு தடவைகூடச் சாம்பல் ஆனதில்லை. பச்சை. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, எது வேண்டும், சொல்லுங்கள்.

ஒளித்தடம்:
என் பதிவில் "கணினியில்" என்ற சொல் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துத் தனி இழை திறந்ததற்கு நன்றி. திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மஞ்சள் என்றால் 255, 255, 0. நீலம் என்றால் 0, 0, 255. கூட்டி இரண்டால் வகுத்தால் மூன்று இடத்திலும் 128. அது சாம்பல். இந்தக் கணக்குக்கு முப்பது வருட அனுபவம் தேவையில்லை, அண்ணாச்சி.

சுவர்க்கோழி:
கூட்டி இரண்டால் வகுக்க இது என்ன பாகப்பிரிவினையா? மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும். நீலச் சாயம் சிவப்பை விழுங்கும். இரண்டும் மிச்சம் வைப்பது பச்சையை. ஒளியைக் கலப்பது வேறு, சாயத்தைக் கலப்பது வேறு என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1852-லேயே விளக்கிவிட்டார். வாளி கலக்குகிறவனுக்குத் தெரிந்தது, மடியில் கணினி வைத்திருக்கிறவருக்குத் தெரியவில்லை. பச்சை, தம்பி. பச்சை.

ஊடைநூல்:
இருவரும் எந்த நீலத்தைச் சொல்கிறீர்கள்? எலுமிச்சை மஞ்சளோடு தாலோ நீலம் கலந்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை. கேட்மியம் மஞ்சளோடு அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் அழுது வடியும் ஒரு பாசி நிறம், கொஞ்சம் தவறினால் சாம்பல் பக்கம் போய்விடும். இதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடரலாமே.

அரைப்படி:
நீலம் கிடக்கட்டும், கணக்காவது சரியா? 128 தவறு. திரைக்கு எழுதும் இந்த எண்களுக்கு எஸ்ஆர்ஜிபி என்று பெயர். அவை ஒளியின் நேரடி அளவு அல்ல, வளைகோட்டில் ஏற்றி எழுதப்பட்டவை. ஒளியின் உண்மையான அளவுக்கு மாற்றி, அங்கே சராசரி எடுத்து, திரும்ப எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவந்தால் 188. வீடு எப்படி இருக்கும் என்று கணினியில் காட்டும் ரெண்டர் படத்தை நாள் முழுக்கச் செய்து பிழைப்பவர் இப்படி எழுதலாமா?

ஒளித்தடம்:
188-உம் சாம்பல்தான்.

அரைப்படி:
128 என்று எழுதியது யார்?

ஒளித்தடம்:
ஃபோட்டோஷாப் அமைப்புகளைத் தொடாமல் கலந்தால் கிடைப்பதைச் சொன்னேன். என்னைத் திருத்துவதற்கென்றே உறுப்பினர் ஆனவர் நீங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சுவர்க்கோழி:
இவருடைய ரெண்டர் படத்தின் இலட்சணத்தை நான் சொல்லட்டுமா? போன வருடம் ஒரு வீடு. தரை சிவப்பு ஆக்சைடு. படத்தில் கூடத்துச் சுவர் தந்த நிறத்தில் அப்படியே மின்னுகிறது. அதே ஷேட்டை வாங்கி இரண்டு கோட் அடித்தேன். காலை வெயில் தரையில் பட்டு மேலே எழும்பியதும் சுவரின் கீழ்ப்பாதி ரோஜா நிறமாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவது கோட் என் செலவில். தரையின் சிவப்பு சுவரில் தெறிப்பதைப் படத்தில் வழித்துத் துடைத்துவிட்டு, சுவரை மட்டும் அழகுபடுத்தி அனுப்பிய மகானுபாவர்தான் இங்கே எனக்கு வண்ணப் பாடம் எடுக்கிறார்.

ஒளித்தடம்:
அந்த வீட்டை நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். தெறிப்பைக் குறைத்தது வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால். படத்தில் விளக்கை 6500 கெல்வினில், அதாவது வெள்ளை வெளிச்சத்தில் வைத்தேன். அவர்கள் மாட்டியது 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. அதற்கும் நான்தான் பொறுப்பா?

அரைப்படி:
காலை வெயிலில் பல்பு எதற்கு எரிந்தது?

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கூரையின் வெள்ளை எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதற்கு 1.0, அதாவது முழுசும் என்று கொடுத்திருந்தார். விழுந்த ஒளி முழுவதையும் திருப்பித் தரும் சுண்ணாம்பும் இல்லை, பெயிண்டும் இல்லை. 0.8 வைத்தாலே தாராளம். ஒன்று வைத்தால் ஒளி அறைக்குள் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மூலையில் நிழலே விழாது.

ஒளித்தடம்:
சரி, சுண்ணாம்பு என்று நீங்களே ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று. சுவர்க்கோழி அண்ணாச்சி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் எதைக் கலப்பீர்கள்?

சுவர்க்கோழி:
நீலம். இதுகூடத் தெரியாதா?

ஒளித்தடம்:
ஏன்?

சுவர்க்கோழி:
பழுப்பு மஞ்சள் தெரியாமல் பளிச்சென்று இருக்க.

ஒளித்தடம்:
மஞ்சள் தட்டிய சுண்ணாம்பில் நீலம் விட்டீர்கள். உங்கள் கணக்குப்படி ஊரில் எல்லா வீடும் பச்சையாக அல்லவா இருக்க வேண்டும்? மஞ்சளை நீலம் கொன்றது, நிறமற்ற நிறம் வந்தது. உங்கள் வாளியிலேயே சாம்பல்தான்.

ஊடைநூல்:
சுண்ணாம்பு நீலம் என்பது அல்ட்ராமரைன். சிவப்பு சாய்ந்த நீலம், அதிலும் ஒரு சிட்டிகை. அதனால்தான் பச்சை எழவில்லை. எந்த நீலம் என்று முதலிலேயே கேட்டேன்.

சுவர்க்கோழி:
சுண்ணாம்பு வேறு, சாயம் வேறு. பேச்சை மாற்றாதீர்கள். கருப்பையும் மஞ்சளையும் கலந்திருக்கிறீர்களா? அதற்கே ஆலிவ் பச்சை வரும். நீலமே இல்லாமல் பச்சை வருகிறது, நீலம் இருந்தால் வராதா? பச்சை!

ஊடைநூல்:
இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தறி உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்தால் நூல்கள் ஒன்றோடொன்று கரைவதில்லை, தள்ளி நின்றால் கண்தான் கலக்கிறது. மயில்கழுத்து நிறம் அப்படித்தான் கிடைக்கிறது. மஞ்சள் பாவில் ஊதா ஊடை போட்டால் ஒளித்தடம் சொல்லும் சாம்பலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆக இருவர் சொல்வதும்...

கரிசல்மண்:
ஊதாவா? இவ்வளவு நேரம் நீலம் என்றுதானே பேசினீர்கள்?

ஊடைநூல்:
எங்கள் ஊரில் நீலத்தை ஊதா என்றுதான் சொல்வோம்.

கரிசல்மண்:
ஊதா என்பது கத்தரிப்பூ நிறம். நீலத்தை ஊதா என்பவர்கள் இந்த இழையில் கருத்துச் சொல்வதையே தடுக்க வேண்டும்.

அரைப்படி:
அவரவர் ஊரில் வானம் ஊதா, பல்லும் ஊதா.

ஊடைநூல்:
கேலி வேண்டாம். ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். சாயம் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்பதற்கு குபெல்கா, முங்க் இருவரும் 1931-இல் சமன்பாடு எழுதினார்கள். அதை அடிப்படையாக வைத்து, சாதாரண திரை எண்களைக் கொண்டே சாயம்போலக் கலக்கும் வழியை செக் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 2021-இல் வெளியிட்டார்கள். பெயர் மிக்ஸ்பாக்ஸ். அதில் மஞ்சளும் நீலமும் திரையிலேயே பச்சையாகும்.

சுவர்க்கோழி:
கேட்டுக்கொள்ளுங்கள்! கணினியே ஒப்புக்கொண்டுவிட்டது. பச்சை.

ஒளித்தடம்:
அதற்கென்று தனி நிரல் எழுதினால்தான் பச்சை. நிரல் எழுதினால் நாயும் பச்சையாகும். சும்மா விட்டால் சாம்பல்.

சுவர்க்கோழி:
ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி கலந்து படம் எடுத்துப் போடுகிறேன். கண் இருக்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஒளித்தடம்:
போடுங்கள். எந்த வெளிச்சத்தில் எடுத்தீர்கள், கைப்பேசி வெள்ளைச் சமநிலையை எப்படி மாற்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படம் திரைக்கு வந்துவிட்டால் அது என் கணக்கு.

சுவர்க்கோழி:
அப்படியானால் படம் கிடையாது. வாளியையே எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

கரிசல்மண்:
வரும்போது கொஞ்சம் ஊதாவும் கொண்டுவாருங்கள். எந்த ஊதா என்பதை அங்கேயே தீர்த்துக்கொள்வோம்.

அரைப்படி:
128 என்று எழுதியது யார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.