ஒரே தேசிய அடையாள அட்டை வேண்டுமா?

மாசிவீதி வாசி:
இறந்துபோன என் அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு மாதமாக அலைகிறேன். ரேஷன் அட்டையில் இனிஷியல் முன்னால் நிற்கிறது. பான் அட்டையில் அதே இனிஷியல் விரிந்து, தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வாக்காளர் அட்டையில் ழகரம் ளகரமாகிக் கிடக்கிறது. மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் வேண்டுமாம். இத்தனை அட்டை எதற்கு? வங்கிக்கும் ஓட்டுக்கும் ரேஷனுக்கும் ஒரே தேசிய அட்டை கொண்டுவந்தால் என்ன? எஸ்டோனியாவில் 2002-இல் கொண்டுவந்த அட்டையை வைத்து இன்று வீட்டிலிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். ஜெர்மனியில் 16 வயதானவர் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ வைத்திருந்தே ஆக வேண்டும். அங்கே ஜனநாயகம் செத்துவிடவில்லையே!

உசிலைக்காரன்:
ஜெர்மனி வரைக்கும் போன அண்ணன், பக்கத்திலிருக்கும் பெருங்காமநல்லூரை மறந்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் 'ரேகைச் சட்டம்' என்பார்களே, அதுதான் 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம். இந்தச் சாதியில் பிறந்தாய், அதனால் பதிவேட்டில் உன் பெயர், விரலில் மை, இரவில் ஊரைவிட்டுப் போக ஒரு சீட்டு. ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். அந்தச் சட்டம் இங்கே ஒழிய 1947 ஆயிற்று. அடையாளம், பதிவு என்ற பேச்சைக் கேட்டாலே எங்களுக்கு விரல் கூசுவது அதனால்தான்.

மாசிவீதி வாசி:
அது ஒரு கூட்டத்தைக் குறிவைத்த சட்டம். நான் கேட்பது எல்லோருக்கும் ஒன்றுபோல. ஆதாருக்குச் சாதியோ மதமோ கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், தம்பி.

உசிலைக்காரன்:
இன்று கேட்கக் கூடாது என்கிற சட்டத்தை நாளை திருத்த எத்தனை நாள் ஆகும்?

சேவைமையத்துக்காரி:
மேலூர்ப் பக்கம் மையம் நடத்துகிறேன். நீங்கள் வரலாறு பேசுகிறீர்கள். என் மேசைக்கு வருவது விரல்கள். கல்குவாரியில் உடைத்தவர், கரும்பு வெட்டுகிறவர், சிமெண்ட் சட்டி சுமக்கும் சித்தாள் என்று வருகிறவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கையைக் கழுவி, துடைத்து, நாலு முறை அழுத்தினாலும் இயந்திரம் ஒப்புக்கொள்ளாது. சரி, கருவிழி பார்க்கலாமென்றால் கண்ணில் புரை. பிறந்த தேதி இன்னொரு கூத்து. "அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் பிறந்தேன்" என்கிற பாட்டிக்கு எந்தத் தேதியை எழுதுவது? எங்கள் ஊரில் பாதிப் பாட்டிகள் ஜனவரி 1-இல்தான் பிறந்திருக்கிறார்கள்! இப்போது ஓர் அட்டை பிசகினால் இன்னொன்றைக் காட்டி எப்படியோ உள்ளே நுழைத்துவிடுகிறேன். இருக்கிற ஒரே வாசலும் சாத்திக்கொண்டால் அந்தப் பாட்டி எங்கே போவார்?

கூடல்நகர் வக்கீல்:
ஒரு விளக்கம். ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. வங்கிக் கணக்குக்கும் செல்பேசிக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மானியங்களுக்கும் பான் எண்ணுக்கும் அனுமதித்தது. தேசிய அடையாள அட்டை வேறு. குடியுரிமைச் சட்டத்தில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 14ஏ பிரிவு, குடிமக்களைப் பதிவு செய்து அட்டை தர அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பிரிட்டன் 2006-இல் இப்படி ஒரு சட்டம் போட்டு, ஆட்சி மாறியதும் 2010-இல் அதை நீக்கி, பதிவேட்டையும் அழித்தது. ஆகவே முதலில் தெளிவாகச் சொல்லுங்கள்: நீங்கள் கேட்பது குடிமக்களுக்கான அட்டையா, இங்கே வசிக்கிற எல்லோருக்குமானதா?

ஆனையூர் முகாம்:
அந்தக் கேள்வி என்னுடையதும். அப்பா 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். இலங்கையில் 1972 முதலே தேசிய அடையாள அட்டை உண்டு. சோதனைச் சாவடியில் அதை நீட்டினால், பெயரையும் பிறந்த ஊரையும் பார்த்ததுமே வரிசையிலிருந்து தனியே நிறுத்துவார்களாம். அட்டை என்றாலே அவருக்கு இன்னும் உதறல். நான் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள்; தல்லாகுளம் தாண்டி அதிகம் போனதில்லை. எனக்கு அந்த அட்டை கிடைக்குமா, ஐயா?

கூடல்நகர் வக்கீல்:
குடிமக்கள் அட்டை என்றால் கிடைக்காது, அம்மா. 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

மாசிவீதி வாசி:
இதை நான் யோசிக்கவில்லை. வசிக்கிற எல்லோருக்கும் என்றே மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே அட்டை என்பதை விடமாட்டேன். அது வரும்வரை என் அப்பாவின் இனிஷியலுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

சேவைமையத்துக்காரி:
மூன்று அட்டைகளின் நகலும் இறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுங்கள், அண்ணா. பதினோரு மணிக்கு மேல் சர்வர் படுத்துவிடும்.