ஆட்டோ மைக் அறிவிப்பில் "கனிவான கவனத்திற்கு" தேவையா?

கேள்வி:
காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கண் பரிசோதனை முகாமுக்காக ஆட்டோவில் ஓடவிட ஒலிப்பதிவு தயாராகிறது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடிகிறது. காதில் ஒட்டவே இல்லை. ஊரையும் தேதியையும் மட்டும் மாற்றி எல்லா முகாமுக்கும் ஓட்டணும். எப்படி எழுதலாம்?

பதில் 1:
கனிவு பேச்சுக்கும் பார்வைக்கும் சேரும். கவனத்தோடு சேர்வது 'முழு', 'கூர்ந்த' மாதிரிச் சொற்கள். ரயில் நிலையத்தில் அந்த ஜோடி மணி அடிக்கிற வேலையைச் செய்கிறது. தலை திரும்பிய பிறகுதான் வண்டி எண் வரும். நடைமேடையில் காத்திருப்பவருக்கு அது சரி.

ஆட்டோ நிற்காது. மணிக்கு 10 கி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 2.8 மீட்டர். முன்னும் பின்னும் 40 மீட்டர் தெளிவாகக் கேட்கும் என்று வைத்தால், வாசலில் இருப்பவருக்குக் கிடைப்பது 28 நொடி. அவர் பெரும்பாலும் பாதியில்தான் கேட்க ஆரம்பிப்பார். ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க, அறிவிப்பு 14 நொடிக்குள் முடிந்து இடைவெளி இல்லாமல் திரும்ப ஓடணும். நிதானமாகப் படித்தால் இருபது சொல்தான் கொள்ளும். முதல் சொல்லே "கண் பரிசோதனை" என்று இருக்கட்டும்.

பதில் 2:
ஊர்ப் பெயரை வெட்டி ஒட்டும்போது வேற்றுமை உருபு மாட்டிக்கொள்ளும். எண்ணூர் 'எண்ணூரில்' ஆகும், தேரடி 'தேரடியில்' ஆகும், காசிமேடு 'காசிமேட்டில்' என்று உருவே மாறிவிடும். 'இல்' தனித் துண்டாக இருந்தால் "காசிமேடு... இல்" என்றுதான் ஒலிக்கும். ரயில் அறிவிப்பில் "கும்மிடிப்பூண்டி வரை செல்லும்" என்று வருகிறதே, அங்கே பெயர் மாறாமல் நிற்கிறது. அதே வழி உங்களுக்கும்: "இடம், காசிமேடு. நாள், ஞாயிறு." பெயரும் கிழமையும் வாக்கியம் முடிகிற தொனியில் பதிவாகணும். பட்டியல் படிப்பது போலக் குரல் மேலே தூக்கி நின்றால் ஒட்டு உடனே தெரிந்துவிடும்.

பதில் 3:
"கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" ஒன்றுக்கே ஒன்றரை நொடி போகும், செய்தி எதுவும் இல்லை. "வாங்க" போதும். கூம்பு ஒலிபெருக்கியில் இப்படி நீளமான சொற்கள் குழைந்துவிடும்.

"கண் பரிசோதனை முகாம், இலவசம். இடம், காசிமேடு. நாள், ஞாயிறு. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. ஆதார் அட்டையோடு வாங்க."

கேட்டவர்:
அருமைங்க. முகாம் ரத்தானால்?

பதில் 3:
"ரத்து" முதலில் வரணும். "ஞாயிறு முகாம் நடைபெறாது" என்றால் கடைசிச் சொல் கேட்காதவர் கிளம்பி வந்துவிடுவார். "முகாம் ரத்து. ஞாயிறு வர வேண்டாம். புது நாள், புதன்." "சிரமத்திற்கு வருந்துகிறோம்" போடுகிற இடத்தில் அந்தப் புது நாளைப் போடுங்க. பழைய பதிவை ஆட்டோக்காரர் பென்டிரைவிலிருந்து அழித்துவிடுங்க, இல்லாவிட்டால் இரண்டும் மாறி மாறி ஓடும்.