பெரியப்பா வீட்டு இசைத்தட்டுப் பெட்டி

பாலையூற்று அக்கா 6:42
பெரியப்பா வீட்டுப் பெட்டி இண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்திட்டுது. எண்ணிப் பாத்தன்: எல்.பி (பெரிய தட்டு) 31, ஈ.பி (சின்னத் தட்டு) 14, பாரமான தட்டு 9, கசெற் 60க்குக் கிட்ட, சீடி 22. மாரி தொடங்க முதல் துடைச்சு கம்பியூட்டரில ஏத்தோணும். சோப்புத் தண்ணியில கழுவலாமோ?

உவர்மலை மாமா 6:44
பிள்ளை, ஒண்டையும் நனைக்காதை. முதல் அந்த 9 பாரத் தட்டையும் தனிய எடுத்து வை.

உவர்மலை மாமா 6:51
அது 78, நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய தட்டு. வினைல் இல்லை, அரக்குத் தட்டு. எல்.பி கழுவுற கலவையில அல்கஹோல் இருக்கும், அது பட்டால் அரக்குக் கரைஞ்சு மேல்பக்கம் மங்கிப் போகும். பிறகு திருத்த ஏலாது. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். ஊசியும் வேற: எல்.பிக்கு 0.7 மில், 78க்கு 3 மில் வேணும் (மில் எண்டால் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு). எல்.பி ஊசியை வைச்சால் அது அகலப் பள்ளத்தின்ர அடியில கிடந்து ஊத்தையை உரசும், பாட்டு பின்னால எங்கையோ கேக்கும். அதால 78க்கு இப்ப செய்யிற ஒரே வேலை, காய்ஞ்ச மெல்லிய தூரிகையால தூசி தட்டி, புதுக் கடதாசி உறையில போட்டு நிமித்தி வைக்கிறது.

பாலையூற்று அக்கா 6:53
சரி மாமா. எல்.பிக்கு என்ன கலவை?

உவர்மலை மாமா 7:02
காய்ச்சி வடிச்ச தண்ணி 800 மில்லி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல் 200 மில்லி, மணமில்லாத பாத்திரம் கழுவுற திரவம் 2 துளி. 2 துளிதான், கூடினால் பள்ளத்துக்குள்ள படிஞ்சு ஊசியில பசை மாதிரி சேரும். காயத்துக்குப் போடுற ஸ்பிரிற் வேண்டாம், அதில வேற சாமானும் கலந்திருக்கும்.

கிணத்துத் தண்ணி ஒரு துளியும் படக்கூடாது. எங்கட பக்கம் சவர், காய்ஞ்சால் வெள்ளை உப்பு பள்ளத்துக்குள்ள நிக்கும், வாசிக்கேக்க படபடவெண்டு வெடிக்கும். பெற்றோல் செட்டில விக்கிற பற்றரித் தண்ணி காணும். போத்திலில வடிச்ச தண்ணி எண்டு இருக்கோணும், அமிலம் கலந்ததும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பாங்கள், பாத்து வாங்கு.

நடுவில ஒட்டின லேபலை நனையாமல் ஒரு பிளாஸ்ரிக் மூடியால மறை. துணியைப் பள்ளம் ஓடுற திசையில வட்டமா ஓட்டு, குறுக்க வேண்டாம். பிறகு வெறும் வடிச்ச தண்ணியால இன்னொருக்கா. நிழலில, நிமித்திக் காய விடு. வெயிலில வைச்சால் பத்து நிமிசத்தில அப்பளம் மாதிரி வளைஞ்சிடும்.

உப்புவெளி தம்பி 7:05
அக்கா, எல்.பிகளிண்ட பேரையும் படம் எடுத்துப் போடுங்கோ. எதை முதல் ஏத்துறது எண்டு பாப்பம்.

பாலையூற்று அக்கா 7:16
[படம்] [படம்] [படம்]
பாட்டுத் தட்டுகள்தான் கூட. ஆறு தட்டு கதை வசனம், படத்தின்ர பேச்சை அப்பிடியே பதிஞ்சது, திருவிளையாடல், வீரபாண்டிய கட்டபொம்மன் எல்லாம் இருக்கு. வசனத்தைக் கடைசியா வைச்சிருக்கன், அதை ஆர் கேக்கப் போகினம்?

உவர்மலை மாமா 7:19
அதைத்தான் முதல் எடுக்கோணும் பிள்ளை.

உவர்மலை மாமா 7:27
பாட்டு எங்கையும் கிடைக்கும். ஒரு பாட்டுத் தட்டு கீறுப்பட்டுப் போனாலும் அதே பாட்டை நாளைக்கே வேற இடத்தில எடுக்கலாம். பின்னணி இசை அப்பிடி இல்லை. 50, 60கள் தமிழ்ப் படங்களிண்ட பின்னணி இசையைத் தனியத் தட்டாப் போடுற வழக்கமே இருக்கேல்ல. ஜி. ராமநாதன் 1959இல கட்டபொம்மனுக்குச் செய்ததும், கே.வி. மகாதேவன் 1965இல திருவிளையாடலுக்குச் செய்ததும், தட்டில கேக்கக் கிடைக்கிற இடம் இந்தக் கதை வசனம்தான். வசனம் ஓய்ஞ்சு அடுத்த வரி தொடங்க முதல் வாற நாலு செக்கன் வீணை, காட்சி மாறேக்க வாற முரசு, அதெல்லாம் அங்கதான் இருக்கு. கோயில் திருவிழாவில ஒலிபெருக்கியில போட்டு இந்த வசனங்களை ஊரே மனப்பாடம் பண்ணினது, அடியில ஓடின இசையை ஆரும் கவனிக்கேல்ல.

உப்புவெளி தம்பி 7:30
மாமா, அந்த இசை படத்தின்ர டிவிடியிலையும் இருக்கும்தானே?

உவர்மலை மாமா 7:36
இருக்கு. ஆனால் பழைய படச்சுருளின்ர ஓரத்தில ஒளியாப் பதிஞ்ச ஒலி 8 கிலோ ஹேர்ட்சுக்கு மேல, அதாவது கீச்சுச் சத்தங்களில, சரிஞ்சிடும், இரைச்சல் நீக்கப் போய் மிச்சத்தையும் வெட்டியிருப்பாங்கள். தட்டில அதைவிடத் தெளிவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் கேட்டு முடிவெடுப்பம். தட்டு தேயும், வளையும். டிவிடி கடையில கிடைக்கும். அதால தட்டு முதல்.

ஸ்காபரோ சித்தப்பா 7:58
இப்பத்தான் பாத்தன். மச்சான் சொல்லுறது முழுக்கச் சரி. ஆங்கிலப் படங்களிலயும் இதே கதைதான், காரணம் மட்டும் வேற. அங்க பின்னணி இசைத் தட்டு வரும், ஆனால் படத்தில கேட்ட இசை அதில இருக்காது. 'ஜாஸ்' (Jaws) எண்ட சுறாப் படத்துக்கு 1975இல வந்த எல்.பி, ஜோன் வில்லியம்ஸ் தட்டுக்கெண்டு திரும்ப வாசிச்சுப் பதிஞ்சது. படத்தில ஓடின பதிவு 2000இலதான் டெக்கா நிறுவனத்தின்ர சீடியா வந்தது, 2015இல இன்ட்ராடா ரெண்டையும் சேத்து இரட்டைச் சீடியாப் போட்டது.

அமெரிக்காவில படத்துக்கு வாசிச்ச பதிவைத் தட்டாப் போட்டால் வாத்தியக்காரர் சங்க விதிப்படி எல்லாருக்கும் திரும்பக் காசு குடுக்கோணும். 80 பேர் வாசிச்ச இசையெண்டால் யோசிச்சுப் பாருங்கோ. அதால 80, 90கள் சீடிகள் கனக்க 30 நிமிசத்தோட நிண்டிடும். இப்ப லா-லா லாண்ட், இன்ட்ராடா, வரேஸ் சரபாண்ட் மாதிரி லேபல்கள் ஆயிரம், மூவாயிரம் பிரதி எண்டு அளவு வைச்சு முழு இசையையும் போடுதுகள். முடிஞ்சால் முடிஞ்சதுதான், பிறகு இரண்டாம் கை விலை ஏறிடும்.

பாலையூற்று அக்கா 8:01
சித்தப்பா, 'ரிவர் குவாய்' எண்டு இங்கிலீசில ஒரு ஈ.பி இருக்கு. கித்துள்கலவில எடுத்த படம்தானே?

ஸ்காபரோ சித்தப்பா 8:07
ஓம், 1957. மல்கம் ஆர்னோல்டுக்கு ஒஸ்கார் கிடைச்ச இசை. ஆனால் உறையில ஆற்றின்ர பேர் இருக்கிறதைப் பாத்து நம்பக்கூடாது. சீழ்க்கையில வாற மெட்டு 'கேர்ணல் போகி', அது அல்போர்ட் 1914இல எழுதின பட்டாள நடை. ஆர்னோல்ட் அதோட இணைஞ்சு போற மாதிரித் தன்ர நடையொண்டை எழுதிச் சேத்தவர். மிச் மில்லரின்ர வாத்தியக்குழுவும் அதை வாசிச்சு 1958இல கனக்க வித்தது. லேபலில வாத்தியக்குழுவின்ர பேர் என்ன எண்டு பாருங்கோ. ஆர்னோல்ட் எண்டிருந்தால் மட்டும் படத்து இசை.

கண்டியில எடுத்த இந்தியானா ஜோன்ஸ் இரண்டாம் படமும் அப்பிடித்தான். 1984 எல்.பி சுருக்கம். கூடுதலாக் கேக்க 2008இல கொன்கோர்ட் போட்ட அஞ்சு சீடிப் பெட்டி தேவை.

உப்புவெளி தம்பி 8:10
தமிழில இப்ப கொஞ்சம் மாறியிருக்கு. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013) பாட்டே இல்லாத படம், இளையராஜாவின்ர பின்னணி இசையே தனி ஆல்பமா வந்தது. அதுக்கு முதல் பம்பாய் (1995) பாட்டு ஆல்பத்துக்குள்ளயே தீம் இசை ஒரு துண்டா இருக்கு.

உவர்மலை மாமா 8:13
பெட்டியில இளையராஜாவின்ர 'ஹவ் டு நேம் இட்' கசெற் இருக்கோ பார் பிள்ளை. 1986. படத்துக்கெண்டு செய்தது இல்லை, ஆனால் பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்துக்கு அந்த இசையைத்தான் எடுத்தவர். வீடு படத்தின்ர இசைத்தட்டு எண்டு தேடினால் அம்பிடாது, இதுக்குள்ள கிடக்கு.

பாலையூற்று அக்கா 8:20
இருக்கு! ஆனால் அது கடைக் கசெற் இல்லை மாமா, ரெக்கோடிங் பாரில, பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற கடையில, அடிச்ச 90 நிமிசக் கசெற். பேர் பேனையால எழுதிக் கிடக்கு. உடனே போட்டுக் கேக்கவோ?

உப்புவெளி தம்பி 8:29
வேண்டாம் அக்கா! 90 கசெற்றின்ர நாடா 60ஐ விட மெலிசு, 12 மைக்ரோன் அளவுதான். கனகாலம் கிடந்தது சுத்தோட சுத்து ஒட்டியிருக்கும், நேர பிளே அமத்தினால் ரோலரில சுத்தி மெண்டு போடும்.

முதல் யன்னலால பாருங்கோ, வெள்ளைப் பூ மாதிரிப் பூஞ்சணம் இருந்தால் அதை மிசினில போடாமல் புறம்பா வையுங்கோ, மற்றக் கசெற்றுகளுக்கும் பரவும். நல்லதெண்டால் பென்சிலால நாலு சுத்து இளக்கி, பிறகு கடைசி மட்டும் முன்னுக்கு ஓட்டி, திரும்பப் பின்னுக்கு ஓட்டி எடுங்கோ. நாடாவுக்குப் பின்னால சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கோ எண்டும் பாருங்கோ. பசை காய்ஞ்சு அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டில (நாடாவை வாசிக்கிற பகுதி) படியாது, ஒலி வாறதும் போறதுமா இருக்கும். ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் நான் வந்து துடைக்கிறன்.

ரெக்கோடிங் பார் கசெற்றில இன்னொரு பிரச்சினை: அந்த மிசினின்ர ஹெட் சாய்வும் எங்கட மிசினின்ர சாய்வும் ஒண்டா இராது. அதால கேக்கேக்க துணி மூடின மாதிரி இருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில உள்ள ஸ்குரூவை, மோனோவில (ரெண்டு பக்க ஒலியையும் ஒண்டாக்கி) கேட்டுக்கொண்டு, தாளம் கூர்மையாக் கேக்கிற இடம் மட்டும் மெல்லத் திருப்போணும். ஒவ்வொரு கசெற்றுக்கும் வேற வேற. ட்ரெபிளைக் கூட்டி இதைச் சரிக்கட்ட ஏலாது.

ஸ்காபரோ சித்தப்பா 8:34
மச்சானிட்ட இருக்கிற ரெக்கோட் பிளேயர் எந்த நாட்டுது? அடப்டர் இல்லாமல் சுவர் மின்சாரத்தில ஓடுற பழைய கனடா மிசின் எண்டால் கவனம். இங்க 120 வோல்ற், 60 சைக்கிள் (ஹேர்ட்ஸ்). அங்க 230, 50. ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாத்தும், சைக்கிளை மாத்தாது. மோட்டார் ஆறில அஞ்சு பங்கு வேகத்தில ஓடும், 33⅓ சுத்து 27.8 ஆகும், சுருதி மூண்டு அரைச்சுரம் இறங்கும். அடப்டரில ஓடுற புதுசுகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

உவர்மலை மாமா 8:41
என்ர அடப்டர் மிசின் மச்சான். ஊசி அமுக்கம் தராசில 2.0 கிராம் வைச்சிருக்கு. பெட்டி மாதிரி மூடிக் கொண்டுபோற மலிவு பிளேயரில அஞ்சு கிராமுக்கு மேல அமுக்கும், பழைய தட்டை அதில போடக்கூடாது.

தம்பி, மடிக்கணினியைச் சார்ஜரில கொழுவாமல் பற்றரியில ஓட விடு. சார்ஜர் கொழுவினால் அடியில ஒரு இரைச்சல் ஏறும். அதைப் பிறகு நீக்கப் போனால் தம்புராவும் மிருதங்கத்தின்ர தொப்பியும் சேந்து போகும்.

உப்புவெளி தம்பி 8:49
ஓம் மாமா. பதியிற தரம் 24 பிட், 96 கிலோ ஹேர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லுக்கு மேல போகாமல். 40 நிமிச எல்.பிக்கு 1.4 ஜிபி வரும், பிறகு ஃப்ளாக் எண்ட கோப்பு வகையாக்கினால் ஒலி குறையாமல் இடம் குறையும். கதை வசனத் தட்டு மோனோ, ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒண்டாக்கினால் மேலும் கீழுமா ஊசி ஆடுறதால வாற சத்தம் ஒண்டையொண்டு அடிச்சுப் போகும், கிளிக் நீக்காமலே பாதிச் சுத்தம். தானா கிளிக் நீக்குற கருவியைப் போட்டால் அது முரசடியையும் கிளிக் எண்டு நினைச்சுத் தின்னும். அதால திருத்தாத பதிவையும் எப்பவும் ஒரு பிரதி வைப்பம்.

பாலையூற்று அக்கா 8:52
சீடி 22உம் சுகம்தானே?

உப்புவெளி தம்பி 9:00
அடிப்பக்கத்தைப் பாருங்கோ. நீலம், பச்சை, ஊதா எண்டால் வீட்டில அடிச்ச சீடி, அதை எல்லாத்துக்கும் முதல் ஏத்தோணும், சாயம் மங்கினால் வாசிக்காது. வெள்ளி எண்டால் ஆலையில அச்சடிச்சது. வெள்ளி ஓரத்தால செம்பு நிறமா மாறி உள்ளுக்கு வருதெண்டால் பூச்சு அரிக்குது. இங்கிலாந்தில ஒரு ஆலையில 1988 தொடக்கம் 1993 மட்டும் அடிச்சதுகளில இது கனக்க. அப்பிடி இருந்தால் அதையும் முன்னுக்கு எடுங்கோ.

நடு வளையத்துக்குள்ள சின்ன எழுத்தில ஐ.எஃப்.பி.ஐ (உலக இசைத்தட்டு நிறுவனங்களிண்ட சங்கம்) எண் இருந்தால் 94க்குப் பிறகு அடிச்சது. இல்லாட்டிக் கள்ளப் பிரதி எண்டு முடிவெடுக்க வேண்டாம், அதுக்கு முந்தினதா இருக்கலாம். நான் இ.ஏ.சி எண்ட சீடி நகலெடுக்கிற மென்பொருளில பாதுகாப்பு முறையில எடுப்பன், ஒவ்வொரு துண்டையும் ரெண்டுதரம் வாசிச்சு எண் பொருந்தினால்தான் விடுவன்.

ஸ்காபரோ சித்தப்பா 9:04
பிள்ளை, உறைகளை எறியாதை. கசெற் அட்டை, சீடிப் புத்தகம் எல்லாத்தையும் படம் எடு. ஆர் வாசிச்சது, எங்க பதிஞ்சது எண்டது கனக்க இடங்களில அந்த அட்டையில மட்டும்தான் இருக்கும். தட்டில பாட்டு முடிஞ்சு வெறுமையா இருக்கிற வளையத்தில கீறியிருக்கிற எண்ணையும் எழுது. ஒரே உறைக்குள்ள வேற வேற அச்சு இருக்கும், அதைப் பிரிச்சுக் காட்டுறது அந்த எண்தான்.

பாலையூற்று அக்கா 9:07
கழுவினதை எதுக்குள்ள வைக்கிறது மாமா? மெழுகு மாதிரிப் பளபளக்கிற பிளாஸ்ரிக் உறை கடையில கிடக்கு.

உவர்மலை மாமா 9:12
அது பி.வி.சி, வேண்டாம். எங்கட வெக்கைக்கு அதில இருந்து ஒரு பிசின் கசிஞ்சு தட்டில புகை மாதிரிப் படியும், கழுவினாலும் போகாது. மெல்லிய பொலித்தீன் உறை எடு. அலுமாரியைச் சுவரோட ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வை, கடல் பக்கச் சுவர் மாரியில வேர்க்கும். சிலிக்கா ஜெல் பை நாலஞ்சு போடு. அரிசி போடச் சொல்லுவினம், போடாதை. தவிட்டுத் தூள் பள்ளத்துக்குள்ள போகும், பூச்சியும் வரும்.

ஞாயிறு மூண்டு மணிக்குக் கதை வசனத் தட்டு ஆறையும் கொண்டு வா. நிமித்திப் பிடிச்சுக்கொண்டு வா, ஓட்டோவில சீட்டில படுக்க வைக்காதை. 78ஐ விடு, ஊசி வந்த பிறகு பாப்பம்.

ஸ்காபரோ சித்தப்பா 9:15
3 மில் ஊசி நான் அனுப்புறன். மச்சான், ஊசி பூட்டுற காட்றிட்ஜின்ர மொடல் எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கோ.

பாலையூற்று அக்கா 9:31
பற்றரித் தண்ணி மூண்டு போத்தில் வாங்கியாச்சு. வடிச்ச தண்ணி எண்டு லேபலில வாசிச்சுப் பாத்துத்தான் வாங்கினன் மாமா.