கடலோர ரேடாரோடு பழகியவர்களே, மனதில் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

மரக்காணத்தான்:
கரையில் நின்று ரேடியோ அலையால் கடல் நீரோட்டத்தை அளக்கும் கடலூர், கல்பாக்கம் ரேடார் ஜோடி இங்கே எல்லோருக்கும் தெரியும். அது மணிக்கொரு தடவை போடும் நீரோட்டப் படத்தை எங்கள் ஊர்க் கூட்டத்தில் காட்டினேன். ஒரு பெரியவர் எழுந்து வந்து, கரையோரம் வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். “தம்பி, ஆழக்கடல்ல நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம்னு காட்டுறீங்க. நான் வலை போடுற எடத்துல மட்டும் ஒரு அம்புக்குறிகூட இல்லையே?” ஒரு நிலையத்துக்குத் தன்னை நோக்கி வருவதும் விலகுவதும்தான் தெரியும். இரண்டு நிலையங்களையும் இணைக்கும் கோட்டில் இரண்டும் ஒரே திசையைத்தான் பார்க்கின்றன. குறுக்கே ஓடுவது சிக்காது. விளக்கினேன். “அப்ப மூணாவதா ஒண்ணு வைக்கிறது” என்றார். சரியான விடை அதுதான். யாரிடம் போய்ச் சொல்வது?

இரவுப்பணி:
கோடு மட்டுமா காரணம்? படத்தில் ஒரு கட்டமே ஆறு கிலோமீட்டர். கரையை ஒட்டியவை எப்படியும் அடிபடும். எனக்கு உறுத்துவது வேறு. ரேடாரின் அலைவரிசை 4.4 மெகாஹெர்ட்ஸ், பகலில் 200 கிலோமீட்டர் வரை நிறைந்திருக்கும் படம். ஒரு கார்த்திகை மாதம், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். பொழுது சாய்ந்ததும் வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் ரேடியோ இரைச்சலெல்லாம் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் கண் வைத்திருந்த வெளி விளிம்புதான் முதலில் காணாமல் போனது. விடியும்வரை அரைப் படத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

தகரக்கொட்டகை:
இருவரும் இயற்பியல்மேல் பழி போடுகிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஆண்டெனா பக்கத்தில் யாரோ தகரக் கொட்டகை போட்டார்கள். அடுத்து வந்த படத்தில் நீரோட்டம் நேராகக் கரைமேல் ஏறியது! என் கதை அவ்வளவுதான்.

இந்தத் தரவை வைத்து ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆண்டெனாவின் வீச்சு வடிவத்தை, அதாவது எந்தத் திசையிலிருந்து வருவதை அது எப்படி வாங்குகிறது என்பதை, கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். படகில் சிறு கருவியை வைத்து நிலையத்தைச் சுற்றி அரைவட்டம் அடித்து அளப்பார்கள். பக்கத்தில் வேலியோ கம்பமோ புதிதாக வந்திருந்தால் பழைய அளவு உதவாது. அப்புறம், அலை உயரத்தை இதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். இந்த அலைவரிசையில் பலமான எதிரொலி தருவது சுமார் 34 மீட்டர் நீள அலைகள்; ரேடியோ அலைநீளத்தில் பாதி. நீரோட்டம் அதிலிருந்து கிடைக்கிறது. உயரமோ அந்தப் பலமான எதிரொலிக்குப் பக்கத்தில் வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து. கடல் அமைதியாக இருந்தால் அது இரைச்சலில் மூழ்கிவிடும். கடலில் நின்று அளவெடுக்கும் மிதவையோடு ஒப்பிடும்போதும், மிதவை ஒரு புள்ளி, ரேடார் ஒரு பரப்பின் சராசரி என்பதை மறக்க வேண்டாம்.

மரக்காணத்தான்:
அண்ணே, அலை உயரம் பற்றி இங்கே யார் கேட்டது? அரைவட்டம் அடிக்கப் படகு வாடகையும் டீசலும் யார் கொடுப்பார்கள், அதைச் சொல்லுங்கள்.